மணியின் காலில் வைத்த தகடு

லாரியில் அடிபட்ட நாய் மணியின் காலெலும்பில் டாக்டர் தகடு வைத்துத் திருகாணி முடுக்கியிருந்தார்.

"இந்த உப்புல தகடு துரு புடிச்சிடும். வானூர்ல எங்க அக்கா வூட்ல உட்டுட்டு வர்றேன்," என்றான் திருமுருகன். அவர்கள் குடியிருந்த மரக்காணம் உப்பளத்தில் மண்வெட்டியே துருவேறி ஒரு பருவம் தாங்காது. அதனால் அவன் மனைவி கீதாஞ்சலி நம்பி அனுப்பினாள்.

அடுத்த மாதம் கடைத்தெருவில் டாக்டர் இருவரையும் பார்த்து நாயை விசாரித்தார். அவள் காரணத்தைச் சொன்னாள்.

"அது துருவே புடிக்காதும்மா. உங்க வீட்டுக்காரர் கேட்டப்பவே சொன்னேனே?"

டாக்டர் போன பிறகு கீதாஞ்சலி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய வானூருக்கு உடு," என்றாள்.

"அங்க இல்ல கீதா. வழியிலயே எறக்கி உட்டுட்டேன்."

"கட்டுப் போட்ட காலோடயா? எந்த எடத்துல?"

அவனுக்கு இடம் நினைவில்லை.