குழாயில் வந்த பெராக்சைடு

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம், வேதியியல் வாத்தியார் வீட்டுக் குழாயில் தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு வந்தது. தெருவில் மற்ற வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்ட மனைவி குழாயடியில் கையை நீட்ட, காயத்தில் நுரை பொங்கியது. ஊறப்போட்ட நீலப் போர்வை வெளுத்துப்போயிற்று. நாலு நாள் முகம் கழுவியதில் வாத்தியாரின் கருகரு மீசை பொன்னிறமாயிற்று. குடிநீர் வாரியத்து ஆள் வந்து குழாயைத் திருகிப் பார்த்து, அழுத்தம் நன்றாகவே இருக்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

காரணம் மேசைமேல் விடைத்தாள் கட்டில் கிடந்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாட்டைச் சமன் செய்யச் சொன்னால், முன்னால் போட வேண்டிய எண்ணை விட்டுவிட்டு, பத்தாம் வகுப்பு மொத்தமும் தண்ணீரின் ஆக்சிஜனுக்கு அடியில் ஒரு சின்ன இரண்டைச் செருகியிருந்தது. கணக்கு சரி, தண்ணீர்தான் தண்ணீராக இல்லை, பெராக்சைடு ஆகிவிட்டிருந்தது. "தடிப்பசங்க, என் குடியக் கெடுத்துட்டாங்க!" என்று அவர் குதிக்க, மனைவி பெட்டியை மூடியபடியே, "எய்தவன் இருக்க அம்ப ஏன் நோகறீங்க? சொல்லிக்குடுத்தது யாரு? நல்ல தண்ணி வந்தா அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணுங்க" என்று கிளம்பிவிட்டாள். அவள் இல்லாத வீடு அவருக்கு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மனப்பாடம். சரியான விடையை வகுப்பு முழுவதையும் கை வலிக்க எழுதவைத்தார். அன்று மாலையே தண்ணீர் வந்தது. ஆனால் எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. வார விடுமுறை முடிவதற்குள் குழாய் பழையபடி நுரைத்தது.

வேறு வழியில்லாமல், வாழ்நாளில் முதல் முறையாக, அதட்டாமல் கேட்டார்: "ஏம்மா, அந்தச் சின்ன ரெண்ட எதுக்குப் போட்ட?"

"ரெண்டு பக்கமும் சமமா வரணும்னு நீங்கதான சார் சொன்னீங்க? வந்துச்சே" என்றாள் முதல் பெஞ்சுப் பெண்.

சமமாக வர வேண்டும் என்று தொண்டை கிழியச் சொன்னவர், சின்ன எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. பெஞ்சுகளை ஓரம் தள்ளச் சொல்லி, பிள்ளைகளையே அணுக்களாக நிற்கவைத்தார். இரண்டு ஹைட்ரஜன்கள், ஜோடியாக வந்த ஆக்சிஜன்களில் ஒருவனின் கைகளைப் பிடித்துக்கொண்டன, தண்ணீர் ஆயிற்று. மிச்சமிருந்த ஆக்சிஜன் விழித்தபடி நின்றான். அவனையும் அதே கூட்டத்துக்குள் இழுக்கப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சுக்காரி கத்தினாள்: "ஏய், அவன உள்ள விட்டா அது தண்ணி இல்லடி, சார் மீசை!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது, வாத்தியாரும்தான். பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு ஜோடி ஹைட்ரஜன்கள் எழுந்து வந்து அவன் கைகளைப் பிடித்தன. இரண்டு தண்ணீர், மிச்சம் யாருமில்லை.

அன்று மாலை ஒரு டம்ளர் குடித்தார்; தாகம் தீர்ந்தது. உடனே மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் அவரையே குடிக்கவைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பெட்டியைத் திறந்தாள்.

"அடுத்து என்ன பாடம்?"

"அமிலம்."

"பசங்களுக்குப் புரியுமா?"

"புரியலன்னா கேப்பாங்க. இப்பல்லாம் கேக்கறாங்க."

அவள் அவரை நம்பினாள். நம்பிக்கொண்டே குடம், அண்டா, குளியல் வாளி எல்லாவற்றையும் விளிம்புவரை நிரப்பி வைத்தாள்.