இருநூற்றுப் பன்னிரண்டா, பதினொன்றா?

1
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. ஒரு நாடகக் குழுவின் பொன்விழா மலர், அச்சுக்குப் போகுமுன் என் கைக்கு வந்தது. அதில் ஒரு வரியின் ஓரத்தில் பென்சிலால் ‘ஆதாரம்?’ என்று இருந்தது. அந்தக் கேள்விக்குறி பெற்ற கதை இது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2
மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு…

(வேண்டாம். அப்புறம் எல்லாருக்கும் குடை தேட வேண்டும்.)

மலரைச் சரிபார்ப்பவள், அக்காவும் தங்கையும் குடியிருக்கும் வீட்டுக்குக் காலையிலேயே வந்துவிட்டாள். அக்கா நடிகை. ‘நாடகம் மேடையேறிய 212 காட்சியிலும் நானே ராணி, ஒன்றையும் தவறவிட்டதில்லை’ என்கிறது முதல் பக்கம். தங்கை குழுவின் தையல்காரி. ‘அக்காவுக்குத் தொண்டை கட்டிய நாளில் நான் ராணியாக நின்றேன்’ என்கிறது பதினேழாம் பக்கம். இரண்டும் ஒரே மலரில் குடித்தனம் நடத்த முடியாது. மதியம் அச்சு.

“நோட்டீஸ்ல உங்க பேர் இல்லையேம்மா?” தங்கையிடம் கேட்டாள் சரிபார்ப்பவள்.

“நோட்டீஸ் அடிச்சது அதுக்கு முந்தின வாரம், தொண்டை கட்டினது அன்னிக்கு சாயங்காலம். தொண்டை சொல்லிட்டா கட்டும்?”

“சரி, வசனம் சொல்லுங்க.”

தங்கை கடகடவென்று ஒப்பித்தார். ராணி வசனத்தோடு நிற்காமல் ராஜா வசனத்தையும்.

“பக்கத் திரைக்குப் பின்னாடி ஊசியோட நின்னவளுக்கு மனப்பாடம் ஆகாதா?” உள்ளறையிலிருந்து அக்கா.

3
(இங்கே ஒரு பழைய போட்டோவை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை துறுதுறுத்தது. கொடுத்தால் அது என் ஆதாரம். தங்கைக்கு உதவாது.)

“அன்னிக்குக் கூட்டம் எவ்வளவும்மா?”

“யாருக்குத் தெரியும்? விளக்கு மூஞ்சியில அடிக்குது. எதிர்ல ஒரே இருட்டு.”

“பாத்தியா, தெரியலையாம்!” அக்கா சிரித்தார். “நல்ல கூட்டம். மூணாவது வரிசையில ஒருத்தர் கடைசிவரைக்கும் வாயைப் பொளந்து தூங்கினார்.”

பென்சில் நின்றது. விளக்குக்கு எதிரே நிற்கிறவருக்கு மூன்றாவது வரிசை தெரியாது. பக்கத் திரை இடுக்கில் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

தங்கைக்கு முகம் தொங்கிவிட்டது. “தூங்கினாரா? என் நடிப்பைப் பாத்தா?”

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “அந்த ஆளு கெடக்கான். நீ நல்லாத்தான்டி பண்ணினே.” பிறகு, “ஏம்மா பென்சில், அதை எழுதிடாதே.”

4
முடிவு ஒன்று: 212ஐ அடித்து 211 என்று போடுவது. அக்கா மலரையே…

முடிவு இரண்டு: பதினேழாம் பக்கத்தை எடுத்துவிடுவது. தங்கைக்குத்தான் அக்கா வாயால் கிடைக்க வேண்டியது கிடைத்து…

(கிடைத்ததா? அதைச் சொல்ல நான் யார்?)

அச்சகத்திலிருந்து போன் அடிக்கிறது. எந்தப் பக்கத்தை அனுப்புவது என்று கேட்பார்கள். நான் எடுக்கப் போவதில்லை; நீங்கள் எடுங்கள். மெதுவாகப் பேசுங்கள், கண்ணுகளா. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.