ஒரு தடவை என்றால் ஆமாம்

படம் முடிந்து திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியபோது அறையில் மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். மனைவி வாய்விட்டு அழுதாள். படத்தைக் கொண்டுவந்து போட்ட அவளுடைய தம்பி, மூக்கை உறிஞ்சியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கட்டிலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தவருக்கு மட்டும் கண்ணீர் வேறு காரணத்தால் வந்தது. அது பயத்தில் வந்த கண்ணீர்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது அவருக்கு வேலையிடத்தில் 'ரேடியோ' என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது இமைகளைத் தவிர வேறெதுவும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே மனிதர் குடும்பம் நடத்தினார். ஃபேனைக் குறைக்கச் சொல்லி மனைவியோடு சண்டைகூடப் போட்டார்.

படத்தில் வந்தவனும் அவரைப் போலத்தான். கடைசியில் போதும், என்னை விட்டுவிடுங்கள் என்கிறான். விட்டுவிடுகிறார்கள், பின்னணியில் வயலின் அழுகிறது. அவருக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவனுக்கு வேண்டாமென்றால் அது அவன் பாடு. இவருக்கு நாளைக் காலை வேண்டும். மகள் பள்ளியிலிருந்து வந்து ஷூவை மூலைக்கொன்றாக எறியும் சத்தம் வேண்டும்.

"மாமா மனசுலயும் இதுதானோ என்னவோ. நாம கேட்டதே இல்லையேக்கா" என்றான் தம்பி, கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு. காது மட்டும் நன்றாக இருக்கிறது என்பது இவர்களுக்கு எப்போதும் மறந்துபோகும். மறுபடி நெஞ்சில் சளி கட்டினால் மூச்சுக்கு மெஷின் வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் முடிவு செய்து எழுதிக் கொடுக்கும்படி டாக்டர் போன வாரம் சொல்லியிருந்தார். அவள் இன்னும் எழுதவில்லை.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கும் போதும்னு தோணுதா?"

கண்ணில் நீர் முட்டி அவள் முகம் கலங்கித் தெரிந்தது. இமைகள் தாமாகவே மூடப் பார்த்தன. அவசரப்படக் கூடாது, தெளிவாக இரண்டு தடவை, நடுவில் சிறு இடைவெளி விட்டு. இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி முதல் தடவை மூடித் திறந்தார். நிறைந்து நின்ற நீர் இரண்டு கன்னத்திலும் உருண்டது.

"அழாதீங்க, அழாதீங்க" என்று அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கண்களில் வைத்து ஒற்றினாள். எடுக்கவில்லை, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள். "இவ்வளவு நாளா கேக்கத்தான் பயமா இருந்துச்சு."

துண்டுக்கு அடியில் இருட்டாக, ஈரமாக இருந்தது. அதன் முரட்டு நூலில் இமைமுடி உரச உரச, அவர் மூடித் திறந்தார், மூடித் திறந்தார்.