துணி துவைக்கிறது யாரு?

குழந்தைக்கு நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கொழுகொழுவென்று இருந்ததால் வீட்டில் அதற்குப் பூசணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு நாள் காலை குளிப்பாட்டும்போது அதன் முதுகில் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்களைப் பார்த்தாள் அம்மா. வேர்க்குரு என்று நினைத்தாள். இரண்டு நாளில் வயிறு, தொடை என்று பரவியது. பூசணி பால் குடிக்கும்போதே நெளிந்து, வாயை எடுத்துக்கொண்டு வீறிட்டது.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பிரசவ விடுப்பில் இருந்தாள். ஊருக்கெல்லாம் களிம்பு எடுத்துக் கொடுத்த கை, தன் பிள்ளைக்கு எதைத் தடவுவது என்று தெரியாமல் டப்பாக்களை மாற்றி மாற்றி எடுத்து வைத்தது. முதல் டாக்டர் சூடு என்றார். இரண்டாவது டாக்டர் அலர்ஜி என்று சொட்டு மருந்து எழுதினார். எதனால் என்று கேட்டதற்கு, "எதனால வேணா வரும்மா" என்றார்.

சோப்பை மாற்றினாள். எண்ணெயை நிறுத்தினாள். கணவனின் அக்கா தினமும் போனில் விசாரித்தாள். பாசக்காரிதான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"நீ திங்கிறதுதான் பிள்ளைக்குப் போகுது. முட்டை சாப்பிட்டியா?"

"ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டேன் அண்ணி."

"பார்த்தியா? நாலு மாசம் வாயைக் கட்ட முடியலையா உனக்கு?"

முட்டை போயிற்று. அப்புறம் மீன், கடலை, கத்திரிக்காய். கடைசியில் வெறுஞ்சோறும் வேகவைத்த கேரட்டும்தான் மிஞ்சின. மூன்று வாரத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போனது. பூசணியின் முதுகு மட்டும் அப்படியே இருந்தது. பால் கொடுக்கும்போதெல்லாம், பிள்ளைக்கு நாமே விஷம் ஊட்டுகிறோமோ என்று பயந்தாள்.

கணவன் ஃபைபர் தண்ணீர்த் தொட்டிகள் செய்யும் பட்டறையில் தேய்ப்பு வேலை செய்பவன். அச்சிலிருந்து எடுத்த தொட்டியின் கரடுமுரடான விளிம்பை மெஷினால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். மனைவி படும் பாட்டைப் பார்த்து அவனுக்கும் தூக்கம் போயிற்று. ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, மூன்றாவதாக ஒரு தோல் டாக்டரிடம் இருவரையும் அழைத்துப் போனான்.

அந்த டாக்டரம்மா அவசரப்படவில்லை. பூசணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். டயபரை அவிழ்த்தும் பார்த்தார்.

"முகம் சுத்தமா இருக்கு. டயபர் போடுற இடமும் சுத்தமா இருக்கு. சட்டை படுற இடத்துல மட்டும்தான் இருக்கு. வீட்ல துணி துவைக்கிறது யாரு?"

"நான்தான் டாக்டர்" என்றான் அவன், கொஞ்சம் பெருமையாகவே. "இவ தங்கச்சி கூட இருந்தவரைக்கும் அவ கையால துவைச்சா. ஒரு மாசம் முன்னாடி அவ போனதுல இருந்து நான்தான். எல்லாத்தையும் மெஷின்ல போட்டுடுவேன்."

"எல்லாத்தையும்னா? உங்க துணியையும் சேர்த்தா?"

"ஆமா."

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

அவன் சொன்னான். டாக்டர் பூசணியின் சட்டையை வாங்கி, மேஜை விளக்கின் அடியில் உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். நூலுக்கு நடுவே மயிரிழையை விட மெல்லியதாக ஏதோ அங்கங்கே மின்னியது.

"கண்ணாடித் தூள். ஃபைபர்ங்கறது கண்ணாடி இழைதான், தேய்க்கும்போது தூளாப் பறக்கும். உங்க துணியில இருந்து குழந்தை துணிக்கு வந்திருக்கு. அதுதான் குத்துது. பால்ல எந்தக் கோளாறும் இல்லம்மா, நீங்க வயிறாரச் சாப்பிடுங்க."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அவள் பிள்ளையை நீட்டினாள். அவன் இரண்டடி பின்னால் போனான்.

"வேணாம். நான் தொட மாட்டேன். என் பிள்ளைக்கு நானே..." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்குக் கை கடுக்குதுங்க. போய் கையைக் கழுவிட்டு வந்து வாங்கிக்கோங்க."

முழங்கை வரைக்கும் மூன்று தடவை கழுவிக்கொண்டு வந்தான். பூசணி அவன் தோளில் சாய்ந்து காதைப் பிடித்து இழுத்தது. அவன் அழுதான்.

"ஒத்தாசை பண்ணப் போய் நடந்தது" என்றாள் அவள். "தெரிஞ்சு போச்சுல்ல, விடுங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, அவ சாப்பாட்டுல ஒண்ணுமில்ல. எல்லாம் என் சட்டைத் தூசி. மூணு வாரமா அவளைப் பட்டினி போட்டிருக்கோம்."

"போனை அவகிட்டக் குடு" என்றாள் அக்கா. அவள் வாங்கிக் காதில் வைத்ததும், "நான் பேசினதை மனசுல வச்சுக்காதம்மா."

"பரவாயில்ல அண்ணி" என்றாள் அவள். நிஜமாகவே பரவாயில்லை என்று ஆவதற்கு அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

பிள்ளையின் பழைய துணிகளையெல்லாம் தூக்கிப் போட்டார்கள். மெஷினை வெறும் தண்ணீரில் நாலு தடவை ஓடவிட்டார்கள். இனி வேலைத் துணிக்குத் தனி வாளி என்று ஆயிற்று. தொடையில் பருக்கள் முதலில் வாடின. பன்னிரண்டாம் நாள் முதுகும் தெளிந்துவிட்டது.

டாக்டரைப் பார்த்த மறுநாள், பட்டறையில் வேலை முடிந்ததும் அவன் குளித்து, மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டுதான் கிளம்பினான்.

"என்னடா, மாப்பிள்ளை கணக்கா மினுக்கிட்டு எங்க கிளம்பிட்ட?" என்று எல்லோரும் சிரித்தார்கள். அவன் விஷயத்தைச் சொன்னான். அச்சு வேலை பார்க்கும் மேஸ்திரி கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணு ஆறு வயசு வரைக்கும் ராவும் பகலும் சொறிஞ்சுகிட்டே கிடந்துச்சு" என்றார். "நாங்க அவ அம்மாவைத்தான் திட்டினோம். சுத்தபத்தமா வச்சுக்கத் தெரியலன்னு."

மறுநாள் அவரும் ஒரு பையில் மாற்றுத்துணி கொண்டுவந்தார். குழாயடியில் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வீட்ல சொன்னீங்களா அண்ணே?"

"சொன்னேன்." மேஸ்திரி தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். "பத்து வருஷம் ஆச்சு. அன்னிக்குத் திட்டினப்போ அழாதவ, நேத்துதான் அழுதா."