அட்டை வீட்டின் முதல் விளக்கு

“பெரிம்மா, சுச்ச யாரு போட்டாலும் லைட்டு எரியும்தானே?”

மூன்றாம் வகுப்புப் படிக்கும் தேஜு இப்படிக் கேட்டபோது, கன்னியம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பானையை நிமிர்த்தி வைத்தாள்.

“இன்னாத்துக்குடி கேக்குற?”

“நாளைக்கு ஸ்கூல்ல நாங்க செஞ்ச அட்டை ஊட்டுக்கெல்லாம் அம்மாங்க வந்து லைட்டு போடணுமாம். எங்கம்மா இன்னான்னா, பெரிம்மாவ இட்டுக்கினு போன்னுது.”

தேஜுவின் தாய் பானு, கன்னியம்மாவின் கொழுந்தன் மனைவி, அந்தப் பக்கம் கம்பெனிச் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீயே போக்கா. எதுக்கு பேஜாரு? எதிர் ஊட்டு வளைகாப்புல என்னிய வாசப்படியிலயே நிக்க வெச்சாங்க. புள்ள கண்ணு முன்னால அது வேணாம்.”

பானு விதவையானது எப்படி என்று அந்த வீட்டுக்குத் தெரியும்.

கன்னியம்மாவின் புருஷன் வரதன், பானுவின் புருஷன் கணேசன், அண்ணன் தம்பி இருவருக்கும் கும்மிடிப்பூண்டியில் ஒரே இரும்பு மில்லில் வேலை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடியில் கன்னியம்மாவுக்குப் பெரியபாளையத்தில் ஒரு வேண்டுதல் இருந்தது. அன்றைக்கு வரதனுக்கு ஷிப்டு. “அண்ணிகூட நீ போண்ணா, உன் ஷிப்ட நான் பாத்துக்கறேன்” என்று கணேசன் மில்லுக்குப் போனான். புருஷன் ஆயுசுக்காக வேப்பிலை கோத்த வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு அவள் பவானியம்மன் கோயிலைச் சுற்றிவந்த நேரத்தில், மில்லில் வரதன் நிற்க வேண்டிய இடத்தில் கிரேன் சங்கிலி அறுந்து விழுந்தது. நின்றவன் கணேசன்.

அம்மனை அவள் குறை சொன்னதில்லை. ஆனால் குளித்துவிட்டுத் தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசும்போதெல்லாம், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளை எடுத்து மாட்டிக்கொண்டதுபோல் கழுத்து கூசும். மில் சங்கு ஊதினால் வாசலில் கணேசனின் குரல் கேட்கும்: “அண்ணி, நாஷ்டா ரெடியா?” திரும்பிப் பார்ப்பாள். யாரும் இருக்கமாட்டார்கள்.

பானு ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“நீயும் வா,” என்றாள் கன்னியம்மா. “வெளியில நின்னு பாத்தாவது போ.”

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளின் மேல் வரிசையாக அட்டை வீடுகள் நின்றன. செருப்புப் பெட்டியில் கதவும் ஜன்னலும் வெட்டி, மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே கடுகு பல்பு ஒன்று, பின்னால் டேப் போட்டு ஒட்டிய பென்சில் செல், இரண்டு ஒயர். ஊக்குதான் சுவிட்ச். ஊக்கை அழுத்தினால் ஒயரும் ஒயரும் சேர்ந்து விளக்கு எரியும் என்று ஹேமாவதி மிஸ் விளக்கினாள். பிள்ளைகளே செய்தது என்று சொல்லும்போது அவள் முகமே ஒளிர்ந்தது.

பெற்றோர் குழுத் தலைவி முத்தம்மாள் குங்குமத் தட்டும் கற்பூரமுமாக வந்திருந்தாள். மிஸ் திகைத்துப் பார்த்தாள்.

“அட்டையோ செங்கல்லோ, புது ஊடு புது ஊடுதான் மிஸ். நல்ல கையி மொத வெளக்கு போட்டாத்தான் புள்ளைங்களுக்கு ஆவும்.”

ஒவ்வொரு தாயாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து விளக்குப் போட்டார்கள். தேஜுவின் முறை வந்ததும் அவள் வராந்தா ஜன்னலைக் காட்டினாள். கம்பிக்கு வெளியே பானு நின்றாள்.

முத்தம்மாள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அதான் கட்டுக்கழுத்தியா பெரிம்மா வந்துகீறாங்களே. அவுங்க போடட்டும்.”

“கரண்டுக்கு அதெல்லாம் தெரியாதும்மா,” என்றாள் மிஸ்.

“கரண்டுக்குத் தெரியாது மிஸ். ஊருக்குத் தெரியும்.”

பெண்கள் சிரித்தார்கள். தேஜு சிரிக்கவில்லை. பானு ஜன்னலை விட்டு ஓரடி நகர்ந்துவிட்டாள்.

கன்னியம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். சண்டை போட்டால் பானு போய்விடுவாள். அவளைப் பற்றிப் பத்துப் பேர் பேசுவார்கள். என்ன செய்ய? பெஞ்சின் முன் குனிந்தாள். அப்போது தூரத்தில் மில் சங்கு ஊதியது. காதோரம் அந்தக் குரல். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கை ஊக்கின் மேல் இருந்தது. வீட்டைத் தாங்கிப் பிடிப்பதுபோல் இடது கையைப் பின்னால் கொடுத்து, டேப்பின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினாள். ஒயர் விட்டது.

ஊக்கை அழுத்தினாள். வீடு இருட்டாகவே இருந்தது. மறுபடியும் அழுத்தினாள்.

“அய்யய்யோ! சுமங்கலி கையில எரியலியே!” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

“என் கைக்கு ராசி இல்ல போலக்குது,” என்றாள் கன்னியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. “பெத்தவ கையில எரியுதா பாப்போம். பானு, உள்ள வா.”

தேஜு அதற்குள் வீட்டைத் திருப்பி, “ஒயர் உட்டுக்கினு இருந்திச்சு மிஸ்!” என்று டேப்பை அழுத்தி ஒட்டினாள். மிஸ் போய்ப் பானுவின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். பானு ஊக்கை அழுத்தினாள். ஜன்னல் காகிதமெல்லாம் மஞ்சளாக எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“ஒயரு ஏன் இவ தொடும்போது உடணும்?” முத்தம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். “இன்னா தோசமோ!”

அந்தப் பெண் தன் பிள்ளையின் வீட்டைக் கன்னியம்மாவின் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தாள்.

கன்னியம்மா வெளியே குழாயடிக்குப் போனாள். டேப்பின் பசை நகத்தில் ஒட்டியிருந்தது. ஓர் உயிருக்கு இது ஈடாகாது. அது அவளுக்குத் தெரியும். உள்ளே பானு சிரித்தாள், தேஜு என்னமோ கத்தினாள். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, பசை போகும்வரை நகத்தைத் தேய்த்தாள். பார்க்க அங்கே யாரும் இல்லை.