ஞானம்பாள் டீச்சரின் ஒரு சொல்

1996 கோடையிலிருந்து ஞானம்பாள் டீச்சர் ‘முறி’ என்று சொன்னால் எதிரில் இருப்பது முறிந்தது. முதலில் வகுப்பில் வேர்ச்சொல் நடத்தும்போது மேஜைக்கால் போயிற்று. தலைமையாசிரியர் தச்சரை வரவழைத்துவிட்டு, அந்தப் பாடத்தை வேறொருவருக்கு மாற்றினார். வீட்டில் அப்படி மாற்ற வழியில்லை. ஒரு காலை கணவர் ஜானகிராமனோடு வாக்குவாதம் முற்றி, “முறிஞ்சா முறியட்டும்” என்று அவள் வாயில் வந்துவிட்டது. இருவருக்கும் நடுவே காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. அவர் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்து, கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறிப்போய், வடக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

திருக்கழுக்குன்றத்தில் வாடகை வீடு பிடித்துத் தனியாக இருந்தாள். அந்தச் சொல் வாயில் வராதபடி கிளை ஒடிந்தது என்பாள், நூல் அறுந்தது என்பாள். பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டார் அவளைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் நடந்தார்கள்.

2001இல் அதே தெருவிலிருந்த கருப்பனைக் கழனியில் விரியன் கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவன் மனைவி சந்திரம்மா ஆட்டோவை டீச்சர் வாசலில் நிறுத்தினாள்.

“டீச்சரம்மா, வெசம் முறியட்டும்னு ஒரு வார்த்த சொல்லு.”

“அது எதை முறிக்கும்னு எனக்கே தெரியாது. எலும்பு போயிட்டா?”

“எலும்புன்னா கட்டுப் போட்டுக்கலாம். ஆளே போய்கினு கீறாரு.”

சொன்னாள். விஷமும் முறிந்தது, கணுக்காலும் முறிந்தது. அதன்பின் பூச்சிக்கடிக்கும் தேள்கடிக்கும் ஆட்கள் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று சொல்லை வாங்கிக்கொண்டு கையோ காலோ ஒடிந்து திரும்பினார்கள். உள்ளே யாரும் வரவில்லை. சந்திரம்மாகூடக் கீரைக்கட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவாள்.

ஓய்வு பெற்ற நாள் சாயங்காலம், எதிரில் ஒன்றுமில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பதினொரு வருஷமாகத் தனக்கென்று சொல்லாமல் அடக்கிய ‘முறி’யை மெதுவாகத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். எதுவும் முறியவில்லை. இடது தோளில் அரித்தது. காலையில் அங்கே மாந்தளிர்போல் செம்பு நிறத்தில் ஓர் இலை விரிந்திருந்தது. பழம்பாட்டில் முறி என்றால் தளிர் என்று இருபது வருஷம் அவளே நடத்தியிருக்கிறாள்.

கீரையோடு வந்த சந்திரம்மா பார்த்தாள். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“அப்ப காயவுடாதே,” என்று சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து தெளித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை ஆய்ந்தாள்.

ரவிக்கைக்கு அளவெடுத்த தையல்காரர், இலை இன்னும் பெரிதாகுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.