தகரக் கூரையில் கிரகணம்

டமார் என்று கதவு சாத்தப்பட்டது. மறுகணமே தாழ்ப்பாளும் விழுந்தது.

அன்னப்பூரணி திடுக்கிட்டுத் திரும்பினாள். மாமியார் கண்ணகை கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள்.

“கிரகணம் விடுமட்டும் ஒருத்தரும் வெளிய போறல்ல. நானும்தான்.”

“பள்ளிக்கூடத்தில புள்ளையள் என்னைப் பாத்துக்கொண்டு நிப்பாங்க, மாமி.”

“நிக்கட்டும். உன்னைக் கேட்டா சூரியன் மறையிது?”

1995 ஐப்பசி. சித்தாண்டிப் பள்ளிக்கூடத்தில் அன்னப்பூரணி விஞ்ஞான ரீச்சர். இந்தியாவின் வடக்கே சூரியன் முழுதாக மறையும், மட்டக்களப்பில் பாதியளவுக்குத்தான் மறையும் என்று பல நாட்களாகவே வகுப்பில் சொல்லிவந்தாள். குறுக்களவில் சூரியன் சந்திரனைவிட நானூறு மடங்கு பெரியது. ஏறத்தாழ அத்தனை மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவு. பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு ஆயத்தமாக இருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் மட்டும் அறைக்குள்.

வயிற்றில் ஆறு மாதம். முன்பு இரண்டு கலைந்து போயின. முதலாவது, ஷெல் வீச்சுக்குப் பயந்து கோயிலுக்கு ஓடிய இரவில். இரண்டாவதற்கு டாக்டரே காரணம் சொல்லவில்லை. ஊர் சொன்னது: சைக்கிளில் பள்ளிக்கூடம் போனாளாம், தலைக்கு மேலே சூரியன் நிற்கக் குளத்துக்குப் போனாளாம். கணவன் கதிர்காமத்தம்பி, “அம்மா சொல்றதக் கேளு” என்றுவிட்டு விதைப்பைச் சாட்டி விடியவே வயல்வட்டைக்கு நழுவிவிட்டான்.

கண்ணகை வேண்டுமென்றேதான் ஜன்னல் இல்லாத இந்த அறையைத் தெரிந்தெடுத்திருந்தாள். நெல் மூட்டை அடுக்குவதற்காக வீட்டோடு சேர்த்து இறக்கிய அறை. கதவின் கீழே சாக்கைச் சுருட்டி அடைத்தாள்.

“ராகு என்ன எலியா மாமி, இடுக்கால நுழைய?”

“வாய மூடிற்றுப் படு.”

அவள் மறந்தது கூரையை. போன வருஷம் பக்கத்து வளவில் விழுந்து வெடித்த ஷெல்லின் சிதறல்கள் அந்தத் தகரத்தைச் சல்லடையாக்கியிருந்தன. பெரிய ஓட்டைகளை மழைக்கு முன் தார் வைத்து அடைத்தார்கள். நெல்மணி நுழையும் அளவிலான துளைகளை யாரும் கவனிக்கவில்லை.

மேகம் விலகியது.

சுவரில், மூட்டைகளில், பாயில், எங்கும் சின்னச் சின்னச் சூரியன்கள் விழுந்தன. ஒவ்வொன்றும் குற்றிக்காசு அளவு. ஒவ்வொன்றிலும் யாரோ கடித்துவைத்த அப்பம் போல ஒரு பக்கம் இல்லை. அன்னப்பூரணியின் வயிற்றுச் சேலையில் ஒரு கொத்து மினுங்கியது.

“ஐயோ!” கண்ணகை போர்வையை இழுத்து மருமகளின் வயிற்றை மூடினாள். கடித்த சூரியன்கள் போர்வைக்கு மேலே வந்து உட்கார்ந்தன. கையை விரித்து மறைத்தாள். அவை புறங்கையில் ஏறின.

“வெறும் வெளிச்சம், மாமி. மற்ற நாளையில வாறதுதான்.”

கண்ணகை கையை இழுக்கவில்லை. கூரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் புள்ள, ஓட்டை ஒண்டு நெளிஞ்சு கிடக்கு, ஒண்டு கிழிஞ்சு கிடக்கு. எல்லாம் எப்பிடி ஒரே மாதிரி விழுது?”

“இது ஓட்டையின்ட உருவமில்ல, சூரியன்ட உருவம். ஒவ்வொரு ஓட்டையும் சூரியனத் தலைகீழாப் படம் புடிக்குது. மற்ற நாளையில வட்டமா விழுமே, அதுவும் சூரியன்தான்.”

“அப்ப தினம் சூரியனுக்கு மேலயா விளக்குமாறு போட்ட நான்?”

அன்னப்பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சொன்னதையெல்லாம் மாமிக்குச் சொல்லத் தொடங்கினாள். சந்திரன் வருஷத்துக்கு வருஷம், நகம் வளர்கிற அளவு, நம்மை விட்டு விலகிப் போகிறது. கோடிக்கணக்கான வருஷம் போனால் முழுக் கிரகணமே வராது.

“அளந்து பாத்த ஆளப் போல கதைக்காய்.”

“அளந்துதான் மாமி. சந்திரனுக்குப் போனவங்க அங்க கண்ணாடி வச்சிற்று வந்திருக்காங்க. இஞ்சயிருந்து வெளிச்சம் அடிச்சா அதில பட்டுத் திரும்பும். திரும்பி வாற நேரத்த வச்சுத் தூரத்தக் கணக்கெடுப்பாங்க.”

“நம்மள ஒரு போத்தல் மண்ணெண்ணெயோட ஆமிச் சென்றி தாண்ட விடுறானுகளில்ல. அவனுகள் சந்திரனுக்கே கண்ணாடி கொண்டு போயிருக்கானுகள்!”

இப்போது கண்ணகை பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையில் ஒரு சூரியனை ஏந்தி, கடிபட்ட பக்கம் நிரம்புகிறதா என்று உற்றுப் பார்த்தாள்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளையின் குரல்.

“கண்ணகக்கா! மருமகள் உள்ளுக்குத்தானே? வெளிச்சம் கிளிச்சம் படல்லையே?”

“ஒரு பொட்டும் படல்ல! கண்ணை மூடிப் படுத்திருக்காள்!” என்று கண்ணகை கத்தினாள். உள்ளங்கையை மட்டும் ஆட்டாமல் வைத்திருந்தாள்.

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

“ராகுவுக்குப் பயந்து பூட்டின நீங்க, இப்ப பொய்யும் சொல்றீங்களே மாமி?”

கண்ணகை குரலைத் தாழ்த்தினாள்.

“ராகு கொஞ்ச நேரத்தில விட்டிரும், புள்ள. இந்த முறையும் ஏதும் நடந்தா இவளுகள் உன்னை விடமாட்டாளுகள். அதுக்குத்தான் பூட்டின நான்.”